ஞாயிறு காலை ஓடாத ஆட்டோ

விடியற்காலை ஜெபம் முடியாமல் சித்ரா ஆட்டோ சாவியைத் தொடமாட்டாள். புருஷன் இறந்தபின் அவளுக்கும் மாமியார் பொன்னுத்தாயிக்கும் சோறு போட்டது அந்த வண்டிதான். காரைக்குடி முழுக்க ஓடும் வண்டி, ஞாயிறு காலையில் மட்டும் சர்ச் வாசலில் நிற்கும். ஆராதனை முடியும்வரை சவாரி கிடையாது.

போன வருடம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில் வாடிக்கைச் சவாரிகள் நின்றுபோயின. அந்த நேரம் பார்த்து ஒரு விடுதி மேனேஜர் கூப்பிட்டார். வாராவாரம் ஞாயிறு காலையில் விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

“பதினோரு மணிக்கு மேலன்னா வாரேன் சார்.”

“காலையிலதாம்மா வேணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிருவேன்.”

“பாத்துக்கங்க சார்.”

பொன்னுத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. “மாசத்துல நாலு காலைதானேத்தா. ஆண்டவரு கோவிச்சுக்கிருவாரா?”

“கோவிக்கமாட்டாரு அத்தை. இந்த வாரம் சவாரிக்காக விட்டா, அடுத்த வாரம் அலுப்புக்காக விடுவேன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும்.”

அடுத்த வியாழக்கிழமை அரிசி டப்பாவை வழித்துத்தான் உலையில் போட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் முழங்கால் போட்டாள். “அப்பா, இன்னைக்குக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம். நாளைக்கும் நீங்கதான் பாக்கணும்.” வேறெதுவும் கேட்கவில்லை. ஸ்டாண்டுக்குப் போய் வண்டியைப் போட்டாள்.

சாயங்காலம் மானகிரிக்காரர் ஒருவர் தேடி வந்தார். பெயர் பூமிநாதன், விவசாயம். அவருடைய அப்பா சேவுகப்பெருமாளுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்.

“பெரிய சவாரி வந்தா ஆட்டோக்காரவுக எங்கள விட்டுர்றாக. ரெண்டு தடவை அப்பா கெளம்பி வாசல்லயே காத்துக் கெடந்தாரு. ஞாயித்துக்கெழம ஒங்களக் கூப்பிட்ட விடுதியிலதான் எஞ் சம்சாரம் சமைக்கிறாக. நீங்க மாட்டேன்னு சொன்னதச் சொன்னாக. ஆசை காட்டினாலும் அசையாத ஆளுதான் எங்களுக்கு வேணும். நாளைக்கு வாரீகளா?”

“ஆறரைக்கு வாசல்ல நிப்பேன்ணே.”

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, பூமிநாதன் தன் வயல் அரிசியில் ஒரு சிப்பத்தை வண்டியில் ஏற்றினார். வீட்டில் அதைப் பார்த்த பொன்னுத்தாயி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை ஒரு நடைகூடத் தவறவில்லை. சில நாள் டயாலிசிஸ் முடிந்து பெரியவர் துவண்டுபோய் வருவார். அப்போது மரநிழலில் வண்டியை ஓரங்கட்டி, “ஐயா, ஜெபம் பண்ணவா?” என்று கேட்பாள்.

“பண்ணுத்தா,” என்பார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.