பாறுகள் பசியாறிய மாலை

பெரிய காஞ்சிபுரத்தில், முகூர்த்த நெரிசலில் ஆட்டோ நகராமல் நின்றபோது, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அப்பாண்டை நயினார் சார் போய்விட்டார். போன வாரம்தான் போனில் என்னை ஒரு பிடி பிடித்தார். பாறுகளைப் பிணந்தின்னிக் கழுகு என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

பிள்ளையார்பாளையம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், நாம் அவரைச் சீண்டாத நாளில்லை. எறும்பை மிதிக்காமல் நடக்கிற சமணர், பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கையும் தொடாதவர், இந்தப் பறவைமேல் எப்படிப் பைத்தியமானார்? கேட்டால் சிரிப்பார். “அது யாரையும் கொல்லாதுப்பா. செத்ததைத்தான் தின்னும். எங்க ஆளுங்கள்லயே இவ்ளோ சுத்தமா யாரு இருக்கிறாங்க?”

அவர் கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம், வலி குறைக்கும் அந்த ஊசியை மாட்டுக்குப் போடாதீர்கள், அந்த மாடு செத்தால் அதைத் தின்கிற பாறும் சாகும் என்று கெஞ்சுவார். நம் பக்கத்து வானத்தில் இல்லாத பறவைக்கு இவ்வளவு பாடா என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். வந்தால் அது சாப்பிட வேண்டாமா என்றார் இவர்.

ஒரு விடுமுறையில் இருவரும் பாறுகளைப் பார்க்க மோயாற்றுக் காட்டுப் பக்கம் போனோம். எதிர்ச் சரிவில் செத்துக் கிடந்த எருமையைக் காட்டி, வனக்காவலர் எங்களைப் பாறை மறைவில் உட்கார வைத்தார். மதியத்திலிருந்து வெண்முதுகுப் பாறுகள் மரங்களில் குந்தியிருந்தன, இறங்கவில்லை. எங்கள் சாப்பாடோ கீழே ஜீப்பில் இருந்தது. வெயில் சாயச் சாய எனக்குக் கவலை. சாருக்குச் சர்க்கரை உண்டு. இப்போது போகாவிட்டால் விடியும்வரை பட்டினிதான். எழுந்திருங்கள் என்று கையைப் பிடித்தேன்.

“நாம அசைஞ்சா அதுங்க கிளம்பிடும்பா. எத்தினி நாள் பட்டினியோ, சாப்பிடட்டும்.”

கடைசி வெளிச்சத்தில் ஒன்று இறங்கியது. பிறகு திமுதிமுவென்று மற்றவை. பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம்போல இறக்கையை விரித்து ஒன்றையொன்று தள்ளின. பைனாகுலரை இறக்காமலே சார் அழுதுகொண்டிருந்தார். சூரியன் மறைந்துவிட்டது.

விடுதியில் அவர் எதிரிலேயே, வெட்கமில்லாமல் நான் பரோட்டா தின்றேன். பசிக்கிறதா சார் என்றேன்.

“நல்லா பசிக்குதுப்பா” என்றார்.

பசிக்கிறது என்பதை அத்தனை சந்தோஷமாகச் சொன்ன இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த முகம்தான்.