வெந்த பூவும் கரி பிடித்த வால்வும்

பூ கட்ட உட்காரும்போது நூலின் ஒரு முனையை ஒரு கார் எஞ்சின் வால்வில் சுற்றிக்கொள்வேன். காளான் போல விரிந்த தலையும் ஒரு விரல் நீளத் தண்டும் உள்ள இரும்புத் துண்டு அது. நூலை இழுத்தால் நகராத அளவுக்கு எடை உண்டு. தலையின் அடியில் கரி அப்பியிருக்கும். ஓரம் ஓரிடத்தில் தீய்ந்து குழிந்திருக்கும். என் மனைவி பலமுறை அதைத் தேய்த்துக் கழுவப் பார்த்தாள். நான் விடவில்லை. அதை எனக்குக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், என் மச்சான்.

மச்சான் டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தவர். நான் மலாக்காவில் ஓர் உதிரிப் பொருள் கடையில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே தோட்டப் பள்ளி. அதனால் உறவான பிறகும் எங்களுக்குள் நீ, வா, போதான். நான் வாயைத் திறந்தால் மழை வரும் என்று நாலு பேர் நடுவில் கேலி செய்வார். உண்மைதான். கல்யாண வீடுகளில் வாசலில் நின்று வரவேற்க எனக்குக் கூச்சம். பின்கட்டுக்குப் போய்ப் பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவேன். யாரிடமும் வாயால் சொல்லத் தெரியாத வாழ்த்தை நான் கையால் கட்டிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெங்கேராவில் ஒரு வீட்டின் பின்புறம் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய காரை மச்சான் கேட்டு வாங்கி வந்தார். தன் வீட்டுப் போர்ட்டிகோவில் இரண்டு வருடம் அதன் எஞ்சினைக் கழற்றி, கடைந்து, மீண்டும் பூட்டினார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டபோது ஒரே ஒரு முறை பதில் சொன்னார். “என் கல்யாணத்துக்குத் தோட்டத்து லோரியில பின்னாடி நின்னுக்கிட்டு போனேன், மாப்ள. என் மக இதுல உட்கார்ந்து கோயிலுக்குப் போவணும்.”

மகள் கல்யாணத்துக்கு முன் வண்டியைப் பழக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஓட்டிப் போனார். நான் பூ அலங்காரம் செய்தேன். முகப்பில் சாமந்தியும் மல்லிகையும் இடைவெளி தெரியாமல் நெருக்கிக் கட்டிய ஒரு திரை போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். “என் மாப்ள கை லா அது” என்று மச்சான் ஒவ்வொருவரிடமும் சொன்னார். முதல் கல்யாணத்தில் மேளத்துக்குப் பின்னால் கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. கோயிலை எட்டும் முன்பே கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. கல்யாணப் பொண்ணு இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீதித் தூரத்தை நடந்து போனாள்.

அடுத்த இரண்டு கல்யாணங்களிலும் அதே கதை. எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. எங்கே ஒழுகுகிறது என்று மச்சான் தேடாத இடமில்லை. ரப்பர் ஹோஸ்களை மாற்றினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். ரேடியேட்டருக்குள் கைப் பம்பால் காற்றழுத்தம் ஏற்றி, பம்பு மானியின் முள் இறங்குகிறதா என்று கண்ணிமைக்காமல் பார்த்தார். காருக்கு அடியில் நாளிதழை விரித்து வைத்தால், மறுநாள் அது காய்ந்தபடியே கிடந்தது. இதற்கு நடுவில் எஞ்சின் விட்டு விட்டு இருமத் தொடங்கியது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் வால்வுகளில் எல்லாம் கரி. ஒன்று சரியாக மூடாமல் ஓரம் தீய்ந்தே போயிருந்தது. அவர் வால்வை வெகுநேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், வாடகைக்குப் புதுக் கார் பார்த்துவிடலாம் என்றார். அவள், “பரவாயில்லப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அவருக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மூன்றாவது கல்யாணம் முடிந்து பூவைக் கழற்றியது நான்தான். திரையின் வெளிப்பக்கம் வாடாமல் இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால், வேகவைத்த கீரை போலப் பூவெல்லாம் துவண்டு பழுப்பேறியிருந்தது. கையில் சூடு தெரிந்தது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை நான் பூவால் அடைத்திருக்கிறேன். தண்ணீர் ஒழுகவே இல்லை. கொதித்து, மூடிப் பக்கத்துச் சிறு குழாய் வழியாக வழியெல்லாம் கொட்டி, சூடான தார்ச் சாலையில் காய்ந்துபோயிருக்கிறது. கடையில் இருபது வருடம் ரேடியேட்டர் எடுத்துக் கொடுக்கிறவன் நான். எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

மகளிடம் அவர் வாடகைக் கார் பேச்சை எடுத்த மூன்றாம் நாள், வேலை முடிந்து, எடுத்து வைத்திருந்த அந்தப் பூத்திரையின் ஒரு துண்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் குந்தியபடி புது வால்வை, இறுக்கமாக மூடும்படி, அதன் இருக்கையில் அரைக்கும் பசை தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார். பூவை உள்பக்கம் தெரியும்படி அவர் முன் வைத்தேன். எடுத்தார். திருப்பினார். முகர்ந்தார். காரின் முகப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ஏன் மாப்ள முன்னமே சொல்லல?”

“எனக்குத் தெரிஞ்சது இது ஒன்னுதான், மச்சான். இதையும் வேணாம்னுட்டா உம் மக கல்யாணத்துல நான் என்னா செய்வேன்?”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “உன் பூ உதிரக்கூடாதுன்னுதான் நான் போற வழி, வர்ற வழியெல்லாம் ஆமையா உருட்டினேன். வேகமே காட்டாத எஞ்சின்ல கரி பிடிக்காம என்னா செய்யும்? தெரிஞ்சேதான் செஞ்சேன்.” துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “பூ வேணாம்னு யார்டா சொன்னா? மூஞ்சிய மட்டும் விட்டுட்டுக் கட்டு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைப் பூட்டி, ஒரு பூகூட இல்லாமல், சுங்கை ரம்பாய் வரை போனோம். சாலை நீண்ட இடத்தில் மச்சான் வேகத்தைக் கூட்டி மிதித்தார். பின்னால் கொஞ்சம் கரும்புகை வந்தது, பிறகு அதுவும் நின்றது. இருமல் இல்லை. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டார். தண்ணீர் முதல் கணுவுக்குக் குறையவில்லை. தீய்ந்த பழைய வால்வை என் சட்டைப் பையில் போட்டு, “வச்சுக்க. ரெண்டு பேரு தப்பும் இதுல இருக்கு” என்றார்.

கல்யாணத்தன்று கூரையிலும் கதவுகளிலும் பின்பக்கத்திலும் பூக் கட்டினேன். முகப்புக்கு மேலே ஒற்றைச் சரம் மட்டும். மேளம் முன்னே போக, நான் வழக்கம்போல ஓரமாக, முகப்பின் மேல் ஒரு கண் வைத்தபடி நடந்தேன். பாதி வழியில் மச்சானின் மகள் கண்ணாடியை இறக்கினாள். “மாமா, நடந்தது போதும் லா. முன்னால ஏறுங்க.” மச்சான் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். ஊர் பார்க்க ஒரு கல்யாணத்தின் நடுவில் நான் உட்கார்ந்தது அன்றுதான். கார் கோயில் வாசல் வரை போனது.

மச்சான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. கார் இப்போது என் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒரு முறை சுங்கை ரம்பாய் வரை மிதித்து ஓட்டிவிட்டு வருகிறேன். நாளைக்கு அவர் மகளின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். கார் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கூடையை இழுத்து வைத்து, நூலை வால்வில் சுற்றுகிறேன். முதல் மல்லிகையில் லேசாகக் கரி ஒட்டுகிறது. முன்பெல்லாம் அந்தப் பூவைக் கிள்ளிப் போடுவேன். இப்போது போடுவதில்லை. அதோடு சேர்த்தே கட்டுகிறேன்.