ஃபைலில் இருந்த ஹால் டிக்கெட்

எதையும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்கிறவன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. மகளின் நுழைவுத் தேர்வுக்கு முந்தின நாளே நாங்கள் குடியிருந்த திருமுல்கேரியிலிருந்து பஸ் ஏறி, ஊரின் இன்னொரு பக்கம் குகட்பள்ளியில் இருந்த தேர்வு மையத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். விடிந்தால் திடீர் பஸ் ஸ்டிரைக். ஆட்டோக்களும் நிற்கவில்லை.

"ஒரு பஸ்ஸாவது வரும், இரு" என்று அரை மணி நேரம் அவளை ஸ்டாப்பிலேயே நிற்க வைத்தேன். பொறுமையிழந்தவள், ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண்ணைக் கைகாட்டி நிறுத்தி, தெலுங்கில் கெஞ்சி, பின்னால் ஏறிப் போய்விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஹால் டிக்கெட் என் ஃபைலில் இருந்தது. தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அவளிடம் செல்போனும் இல்லை. வழியில் உள்ள பாலாநகர் வரை ஓட்டமும் நடையுமாகப் போய், அங்கிருந்து ஒரு கேஸ் சிலிண்டர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கேட்டை மூடியிருந்தார்கள். வெளியே அவளைக் காணோம்.

மூன்று மணி நேரம் கழித்துச் சிரித்தபடி வந்தாள்.

"எப்படிம்மா உள்ள விட்டாங்க?"

"நீங்க ஃபைலை என்கிட்ட தரமாட்டீங்கன்னு தெரியும்ப்பா. நேத்தே நெட் சென்டர்ல இன்னொரு பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன்."

ஸ்டிரைக் வரும் என்று அவளுக்கும் தெரியாதுதான். அவள் மாற்று ஏற்பாடு செய்து வைத்திருந்தது என்னைச் சமாளிக்க.