பிலோமினா சொன்ன சாத்தான் படம்

காய்ந்த தேயிலைத் தூளின் வாசனை அப்போதெல்லாம் மூக்கிலேயே குடியிருக்கும். கண்ணிமை, காதோரம், தலைமுடி என்று எல்லா இடத்திலும் பழுப்பாகப் படியும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது...

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினெட்டு வயது. தேயிலை ஸ்டோரில், அதுதான் ஃபேக்டரியில், குச்சி பொறுக்கும் வேலை. குவித்த தூளைச் சுற்றி உட்கார்ந்து, கலந்து கிடக்கும் காம்புகளைக் கையால் எடுக்க வேண்டும். ஆறு பெண்கள். காலையிலிருந்து மாலைவரை குனிந்த தலை.

அந்தக் கூட்டத்துக்குப் படக்கதை சொல்வது நான்தான். தலவாக்கலைக்கு வரும் தமிழ்ப் படங்களுக்கு மாமா கூட்டிப் போவார். திங்கட்கிழமை நான் உட்காரும் முன்பே, எங்களில் மூத்தவரான மாரியாயி அக்கா கேட்டுவிடுவார்.

"என்ன சரசு, இந்த வாரம் யாரு செத்தா?"

அந்தக் கேள்விக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கேள்வி என்னிடம் வரவில்லை.

பிலோமினா என் கூட்டாளி. பக்கத்து லயத்து வீடு, ஒரே வயது, வேதக்காரப் பெண். அதுவரை வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஹட்டனில் கடை வேலை செய்த அவள் அண்ணன், ஞாயிறு சர்ச் பூசை முடிந்ததும் அவளை ஒரு இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறான். சீமையில் எடுத்த பழைய படம். பெரிய பங்களா, கறுப்பு அங்கி போட்ட துரைமார், மெழுகுவர்த்தி, சாத்தானைக் கும்பிடுகிற கூட்டம். பலி கொடுக்க ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"அந்தக் கூட்டத்துக்குத் தலைவரு இருக்காரே, பாத்தா ரொம்ப நல்ல மனுசன் மாதிரி இருப்பாரு. எல்லாரையும் பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு. அதுதான்க்கா பயமே" என்றாள்.

எல்லார் கையும் நின்றுவிட்டது. என் கையும்தான்.

ஒரு வாரம் சொல்லியும் கதை முடியவில்லை. அந்தப் பெண்ணைத் தேடி அவளுடைய அம்மா வருகிறாள். பனிமூட்டத்தில் மகளின் சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மாரியாயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தப் பக்கம் போன, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாகூட வாசலில் கொஞ்சம் நின்றார். வேலை நின்றதற்குத் திட்டவில்லை. கதை கேட்டார்.

என் கதைக்கு அவர் ஒருநாளும் நின்றதில்லை.

அந்த வாரம் பிலோமினாவோடு சேர்ந்து தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவை நச்சரித்து ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

படத்தில் அம்மாவே இல்லை! துரைமார் அறை அறையாக உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் படித்த பெரியவர் ஒருவர் ஒரு புத்தகத்தை வாசித்துப் பெண்ணைக் காப்பாற்றுகிறார். அவ்வளவுதான். ஒரு படம் பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் வெளியே வந்ததே இல்லை.

மறுநாள் ஸ்டோரில், அந்த அம்மா பங்களா கேட்டுக்கு வந்து சேரும் கட்டத்தைப் பிலோமினா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல அம்மாவே கெடையாது. நேத்து நான் பாத்தேன்" என்றேன்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து குச்சி பொறுக்க ஆரம்பித்தாள்.

"அப்ப நீயே சொல்லு புள்ள, என்னதான் நடந்துச்சு?" என்றார் மாரியாயி அக்கா.

நான் சொன்னேன். பெரியவர், புத்தகம், மந்திரம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு பிலோமினா கதை சொல்லவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பிலோமினா வீட்டுக்குப் பேப்பர் வந்து நாளாகியிருக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், இவள், நான்கு பேருக்கும். கொத்மலையில் கட்டிக்கொடுத்த அக்கா இங்கேதான் இருக்க வேண்டும். ஏதாவது செய்ய முடியுமா என்று அவளுடைய அம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாராம். கதவு தட்டிய அந்த அம்மா எங்கிருந்து வந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது...

தலவாக்கலை ஸ்டேஷனில் பிலோமினாவின் அம்மா மூத்த மகளின் கையை விடவே இல்லை. ஆட்கள்தான் பிரித்து ஏற்றினார்கள். ஜன்னலிலிருந்து பிலோமினா, "வாறேன் சரசு" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போன மாதம் அவளுடைய அக்கா மகளை ஹட்டனில் பார்த்தேன். நம்பர் கொடுத்தாள். பிலோமினா இப்போது கோத்தகிரியில் இருக்கிறாள். அங்கேயும் தேயிலைதான். மறுநாளே போன் போட்டேன்.

"பிலோ, அன்னைக்கு ஸ்டோர்ல நான்..."

"பொறாமையில சொன்ன. எனக்கு அப்பவே தெரியும்டி."

"அப்ப ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"நீ சொன்னது உண்மைதானே. என்னத்தச் சொல்ல?"

பிறகு அவள், முந்தின நாள் விடியற்காலையில் தன் குசினி வாசலில் ஒரு காட்டெருமை வந்து நின்றதைச் சொல்ல ஆரம்பித்தாள். கதவைத் திறந்ததும் அதன் மூச்சு முகத்தில் பட்டதாம். கையில் அடுப்பில் வைக்க எடுத்த பால் சட்டியாம். கீழே வைக்கவும் பயம், பிடித்துக்கொண்டு நிற்கவும் பயம்... நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன்.

இப்போது எந்தப் படமும் போனிலேயே கிடைக்கிறது. அந்தச் சாத்தான் படமும் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு போன், காதில் ஒரு வயர். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

போன் பேசிய அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டெருமைக் கதையைச் சொன்னேன். அதே குசினி, அதே பால் சட்டி, ஒன்றையும் விடவில்லை.

"ம்... பெறகு?" என்றார் டீவியைப் பார்த்தபடி.

"பெறகு அது போயிருச்சாம்" என்றேன்.

இந்த வயதிலும் அவளை நினைத்து வயிறு எரிந்தது.