அஞ்சாளைக்கு ஓர் உரு

அப்பா கடற்படையில் முக்குளிப்பவர். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அந்தமானில் இருந்தார். அவரோடு கடலில் இறங்கிய ஒருவர் மேலே வரவில்லை என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் இருந்த எங்களுக்கு வந்தது. அதன் பிறகு அப்பா இறங்குகிற நாட்களில் அம்மாவுக்குச் சோறு செல்லாது. போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளைத் தேற்ற நினைத்தோ என்னவோ, அப்பா ஒரு வீடியோ அனுப்பினார். பவளப்பாறை இடுக்கிலிருந்து என் தொடை கனத்துக்கு ஒன்று தலையை நீட்டியது. வறுத்த காப்பிக்கொட்டை நிறம். உடம்பு முழுக்க அரிசியை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு. செதில் கிடையாது. வாயைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளை. எனக்கு அதன் மேல் உடனே ஆசை வந்துவிட்டது.

“பாம்பு இல்ல ஏட்டி, அஞ்சாளைன்னு ஒரு மீனு. வாயத் தொறந்து தொறந்து மூடுறது கடிக்கதுக்கு இல்ல, மூச்சு விடுறதுக்கு” என்று போனில் அம்மாவிடம் சொன்னார் அப்பா.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, எந்த வேண்டுதல் என்றாலும் ஆண்டாளிடம்தான். பாம்பு, பல்லி, தேள் சங்கதி மட்டும் சங்கரன்கோவிலுக்குப் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஏறினாள். சன்னதித் தெருக் கடையில், உண்டியலில் போடுவதற்காகத் தகட்டில் அடித்த பாம்பு உரு ஒன்று வாங்கினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது வேறு ஆள், புள்ளி இல்லை, சாமி அடையாளம் தெரியாமல் அப்பாவை விட்டுவிடும் என்று வாதாடினேன். அம்மா தாலிச் செயினில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கையில் தந்தாள்.

“நீயே சரி பண்ணு.”

தேரடி நிழலில் உட்கார்ந்து தகடு முழுக்கப் புள்ளி குத்தினேன். கை வலித்தது. அம்மா அவசரப்படுத்தவே இல்லை. உருவை உண்டியலில் போட்டுவிட்டு, அம்மாவின் தவறைத் திருத்திய பெருமையில் ஊர் வந்து சேரும்வரை வாய் ஓயாமல் பேசினேன்.

அப்பா பணி முடிந்து பத்திரமாக வீடு வந்த பிறகு, மீனைப் பாம்பென்று நினைத்தவள் என்று ஒருநாள் அவளைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மீனுன்னு எனக்குத் தெரியாதா? நான் பயந்தது தண்ணிக்கு. தண்ணிக்கு எந்தக் கடையில உரு விக்கான்?”