ஜெபகுமார் சாப்பிடாத மீன்

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டிரைவர் ஜெபகுமார் காரில் பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுவார். "மத்தியானம் பஃபேல பிரியாணி பக்கமே போவாதீங்க சார், வயிறு அதுலயே ரொம்பிடும். சாயந்தரம் மணல்ல டேபிள் போடுவான். ஐஸ்ல மீன் வெச்சிருப்பான், நீங்களே பாத்து எடுக்கலாம். வஞ்சிரம் வாணாம், சங்கரா சொல்லுங்க."

பென்னலூர்க்காரர். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வரும் எங்களைப் போன்றவர்களை மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை விடுதியில் கொண்டுபோய் விடுவது அவருக்குப் பன்னிரண்டு வருடத் தொழில். அங்கே சாப்பிட மூன்று இடங்கள். எங்கே என்ன கிடைக்கும், எது எத்தனை மணிக்குத் தீரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. டிரைவர்களுக்குப் பின்பக்க ஷெட்டில் சாம்பார் சாதமும் முட்டையும்தான். திரும்பும் வழியில் ஒவ்வொருவரையும் கிண்டிக் கிண்டிக் கேட்டுச் சேர்த்த ஞானம் அது. "காரமா சார்? முள்ளு ஜாஸ்தியா?" தூங்க விடமாட்டார் மனுஷன்.

மனைவி ஷெர்லினுக்கு ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. அவரிடம் மட்டும், எல்லாவற்றையும் தானே தின்றதாக அளந்துவைத்திருந்தார். போன மாதம், கல்யாண நாளுக்கு அங்கேதான் சாப்பிட வேண்டும் என்று ஷெர்லின் சொன்னதும் ஆடிப்போனார். "மாட்டிக்குவேன் சார். இத்தினி வருசமா வுட்ட பீலா." கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று என்னைக் கேட்டார். எனக்கே சரியாகத் தெரியாது.

கல்யாண நாளன்று நானும் அங்கே தங்கியிருந்தேன். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஜெபகுமார் கடலுக்கு முதுகைக் காட்டி, கார் நிறுத்துமிடம் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். சங்கரா வந்தது. "எப்பவும் இப்டித்தான் இருக்கும்" என்றார் கெத்தாக. கத்தியும் முள்கரண்டியும் கைமாறிக்கொண்டே இருந்தன. மீன் தட்டுக்குள் வழுக்கிச் சுற்றி ஓடியது. எனக்குப் பாவமாக இருந்தது.

ஷெர்லின் சிரித்துவிட்டார். "இங்க மீன் துன்னுட்டு வர்றவரு, இன்னாத்துக்கு வூட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு துன்றீங்க? எனக்கு மொதல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா கதைய நிறுத்திடுவீங்களே."

ஷெர்லின் ஜெபகுமாரின் கையிலிருந்த கத்தியை வாங்கி ஓரமாக வைத்தார். விரலாலேயே மீனைப் பிட்டு, முள் எடுத்து, பெரிய துண்டாகப் பார்த்து அவர் வாயருகே நீட்டினார்.