சென்சாருக்குப் பொட்டு வைத்தவன்

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமைதான்.

பெங்களூர் ஹெப்பகோடியில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பிளானிங் பிரிவில் எனக்கு வேலை. பல வருஷமாகக் காலையில் முதல் காரியம் ஷாப் ஃப்ளோரை ஒரு சுற்று சுற்றி வருவதுதான். எந்த மெஷின் ஓடுகிறது, எது டூல் மாற்ற நிற்கிறது, எது படுத்துவிட்டது என்று பார்த்துவந்து, வெள்ளைப் பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் காந்த வில்லைகளை ஒட்டிவைப்பேன். பிறகு மீட்டிங். மேனேஜர் கன்னடக்காரர். என் பக்கம் திரும்பி "ஹேளம்மா" என்பார். சொல்லும்மா என்று அர்த்தம். நான் சொல்வேன், எல்லாரும் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பொம்மனஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை.

அதைப் பிடுங்கிக்கொண்டவன் மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர், திருப்பத்தூர்க்காரன். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான், அதனால் திட்டவும் முடியாது. ஒவ்வொரு மெஷின் தலையிலும் இருக்கும் மூன்று கலர் விளக்குக்கு எதிரே கட்டைவிரல் அளவில் ஒரு சென்சாரை ஒட்டினான். அது விளக்கைப் பார்த்து மீட்டிங் ரூம் டி.வி.க்குச் சொல்லிவிடும். டி.வி.யில் எங்கள் ஃப்ளோரின் பிளான், அதில் ஒவ்வொரு மெஷினும் ஒரு கட்டம். இங்கே விளக்கு மாறினால் அங்கே அந்தக் கணமே கட்டமும் நிறம் மாறும். கேன்டீன், கை கழுவும் குழாய்கூட அந்தப் பிளானில் இருந்தன. என் மேசை இருக்கும் மூலை மட்டும் வெறும் வெள்ளை.

மேனேஜர் டி.வி.யைப் பார்க்கத் தொடங்கினார். "ஹேளம்மா" நின்றுபோயிற்று. என் பலகை கேன்டீனுக்குப் போய், இப்போது அதில் பிஸிபேளாபாத் என்று எழுதுகிறார்கள். ஆளாளுக்கு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட, எனக்குக் காதில் புகை வந்தது. அந்த டி.வி. ஒரு நாளாவது பல்லை இளிக்காதா என்று ஏங்கினேன். காலைச் சுற்றை மட்டும் விடவில்லை, யாரும் கேட்காவிட்டாலும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அவரவர் புழங்கும் பொருளுக்கு அவரவரே சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். ஆபரேட்டர் மெஷினுக்கு வைப்பார், டிரைவர் வண்டிக்கு வைப்பார். வைத்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பினோம்.

லீவு முடிந்து திறந்த காலையில், டி.வி.யைப் பார்க்கவென்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மெஷின்களின் இரைச்சல் மீட்டிங் ரூம்வரை கேட்டது. டி.வி.யிலோ எல்லாக் கட்டமும் சாம்பல் நிறம். ஒன்றுமே ஓடவில்லையாம். அவன் முகம் வெளுத்துப்போய் ஃப்ளோருக்கு ஓடினான். ஐயோ பாவம் என்று தோன்றவே இல்லை எனக்கு. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஹேளம்மா."

எழுந்து நின்றேன். "முதல் லைன்ல எல்லாம் ஓடுது சார். ரெண்டாவது லைன்ல கடைசி மெஷினுக்கு டூல் மாத்துறாங்க. கிரைண்டிங் பக்கம் ஒரு மெஷின் ஆயில் லீக் ஆகி நிக்குது."

வந்தவர்களில் ஒரு அம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. அடுத்த லைனைப் பற்றி வாயைத் திறந்தேன். எல்லார் கழுத்தும் டி.வி. பக்கம் திரும்பிவிட்டது. ஒரு கட்டம் பச்சையாகியிருந்தது. பிறகு அதற்குப் பக்கத்துக் கட்டம். நான் ஓடுகிறது என்று சொல்வதற்குள் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

கடைசிக் கட்டமும் மாறிய பிறகு அவன் மூச்சு வாங்க வந்து நின்றான். விரலெல்லாம் குங்குமம். "சாரி சார். பூஜை அன்னிக்கு எல்லா சென்சாருக்கும் நான்தான் பொட்டு வச்சேன். வெளக்கப் பாக்குற கண்ணு மேலயே வச்சிட்டேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அறையே சிரித்தது. அந்த அம்மா அவனுடைய சிவந்த விரல்களைப் போட்டோ எடுத்தார். தப்புப் பண்ணியும் பேர் வாங்கிவிட்டான் படுபாவி. நான் எப்போது உட்கார்ந்தேன் என்று யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் என் மேசைக்கு வந்தான். "அக்கா, நீங்க இல்லாட்டி இன்னைக்கு என் மானம் போயிருக்கும். உங்க டேபிளையும் பிளான்ல போட்டுடறேன். என்ன கலர் வைக்கட்டும்?"

"சிவப்பு" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். "நீங்கதான் எப்பவும் ஓடிட்டே இருக்கீங்களேக்கா" என்று பச்சை வைத்துவிட்டுப் போனான். அன்று முழுக்க அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒருமுறை காய்ச்சலில் சில நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்த அன்று, வேலைக்கு வராததற்கு மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ லீவ்லயா இருந்தே?" என்றார். "உன் டேபிள் பச்சையாத்தானேம்மா இருந்துச்சு."